கதை மழையும் குழி மழையும்: ‘18வது அட்சக்கோடு’ நாவலில் சூழலும் மனமும்

1

சென்ற ஐப்பசியில் எங்கள் வாசிப்புக் கூட்டம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நண்பர் வீட்டு முன்கூடத்தில் நடந்தது. வழக்கமாக மாடியில்தான் உட்காருவோம். அன்று மழை. பதினேழு வயதுப் பையன் ஒருவன், நெசவாளி வீட்டுப் பிள்ளை, தான் எழுதிய கதையொன்றைப் படித்தான். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறுகிற ஒருவன் தன் கதையைத் தானே சொல்கிறான். தெருவில் இறங்கியதும் மழை பிடித்துக்கொள்கிறது. வானமும் தன்னோடு சேர்ந்து அழுவதாக அவன் சொல்கிறான். கதை அங்கே முடிகிறது.

நண்பர்கள் பாராட்டினார்கள். சூழல் கதைசொல்லியின் மனதைப் பிரதிபலிக்கிறது என்று ஒருவர் சொன்னார். எனக்கு ஏதோ உறுத்தியது. பையனிடம் கேட்டேன்.

“ஏன் தம்பி, இப்பிடி மழை புடிச்சா உங்க வூட்ல இன்னா ஆவும்?”

“குழில தண்ணி ஊறிடும்ணா. தறி நின்னுடும். தெருவுல பாவு நீட்டவும் முடியாது.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா, கூலி இல்ல. அப்பா கடன் கேட்டு அலைவாரு. சண்டையே அதுலதாண்ணா வரும்.”

“அத ஏன் எழுதல?”

கொஞ்ச நேரம் யோசித்தான். “அது வேற மழைண்ணா. இது கதைக்கு வர்ற மழை” என்றான்.

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தான் நனைந்த மழை கதைக்கு ஆகாது, எங்கோ படித்த மழைதான் ஆகும் என்று ஒரு நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நாவலில் சூழல் என்ன வேலை செய்கிறது என்கிற கேள்வியை இங்கிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ (1977) நாவலை முன்வைத்து இதைப் பேசிப் பார்க்கிறேன்.

2

துக்கப்படுகிறவனுக்காக வானம் அழுவது என்கிற உத்தியை முதலில் பார்த்துவிடலாம். 1856இல் வெளிவந்த ‘நவீன ஓவியர்கள்’ மூன்றாம் தொகுதியில் ஜான் ரஸ்கின் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் ‘உணர்ச்சிவயத் திரிபு’ என்று சொல்லலாம். மனம் கொந்தளிக்கும்போது நாம் இயற்கையின் மேல் நம் உணர்ச்சியை ஏற்றிவிடுகிறோம். அது ஒரு பொய்த்தோற்றம் என்பது அவருடைய வாதம். உண்மையான கொந்தளிப்பிலிருந்து வருகிறபோது அதை மன்னிக்கலாம், வெறும் பழக்கத்தில் வருகிறபோது மன்னிக்க முடியாது என்றும் அவர் கருதினார்.

இதைச் சொன்னால் உடனே நம் நண்பர்கள் திணையைக் கொண்டு வருவார்கள். “நிலமும் உணர்வும் ஒன்று என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டதே, ரஸ்கின் யார் நமக்கு?” என்று. ஏ.கே. ராமானுஜன் தன் சங்கப் பாடல் மொழிபெயர்ப்புக்கு ‘அகநிலக் காட்சி’ என்ற பொருள்படும் தலைப்பை 1967இல் வைத்ததிலிருந்து இந்த எண்ணம் ஆங்கிலம் படித்தவர்களிடமும் பரவிவிட்டது. ஆனால் முதல், கரு, உரி என்கிற பகுப்பு சொல்வது அதையல்ல. தலைவி வருந்துவதால் காடு முல்லையாக மாறுவதில்லை. அவள் வாய் திறப்பதற்கு முன்பே காடும் கார்காலமும் மாலையும் அங்கே இருக்கின்றன. அவற்றுக்கும் காத்திருத்தலுக்கும் உள்ள உறவைப் புலவனும் கேட்பவனும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அது ஒரு சமூகத்தின் பொது மொழி. தனி ஒருவரின் மனக்கண்ணாடி என்று அதைச் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முல்லையில் கார்காலம் ஏன் துயரம் தருகிறது? வானம் அவளோடு சேர்ந்து அழுவதாலா? இல்லை. கார் தொடங்கும்போது வந்துவிடுவேன் என்று அவன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். மழை என்பது அங்கே ஒரு கெடு. கெடு வந்துவிட்டது, ஆள் வரவில்லை. பிள்ளையார்பாளையத்து மழையும் அப்படிப்பட்டதுதான். சேலை அறுத்துக் கொடுக்கவேண்டிய நாள் ஒன்று இருக்கிறது. குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருக்கிறது. அந்தப் பையன் திணைக்கு வெகு பக்கத்தில்தான் இருந்தான். அவனுக்கு அது தெரியவில்லை.

நாவலுக்கு வருவோம். தன் கதையைத் தானே சொல்கிற இளைஞன் ஒருவன் கதைசொல்லியாகும்போது ஒரு விஷயம் நடக்கிறது. பிரதியில் இருக்கிற சூழல் முழுவதும் அவன் கவனித்த சூழல். எதைப் பார்த்தான், எதைப் பார்க்காமல் விட்டான், எதைத் திரும்பத் திரும்பப் பார்த்தான் என்பதே அவன் மனநிலை. ஜே.டி. சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் த ரை’ (1951) நாவலில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட ஹோல்டன் நியூயார்க்கில் சுற்றுகிறான். பூங்காக் குளம் பனியில் உறைந்துபோனால் அங்குள்ள வாத்துகள் எங்கே போகும் என்று டாக்ஸிக்காரர்களிடம் கேட்கிறான். எனக்குப் போக இடமில்லை, பயமாக இருக்கிறது என்று அவன் சொல்லத் தேவையில்லை. வாத்து அவனுக்காக வருந்தவில்லை. வாத்தைப் பற்றி அந்த நேரத்தில் கேட்கத் தோன்றியது என்பதுதான் செய்தி. பிரதிபலிப்பு என்ற சொல் இங்கே போதாது. தேர்வு என்று சொல்வது சரியாக இருக்கும்.

3

அசோகமித்திரன் 1931இல் செகந்தராபாத்தில் பிறந்தவர். 1952இல் சென்னைக்கு வந்து, 2017இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். ‘18வது அட்சக்கோடு’ நிகழும் காலம் 1947–48. நாவல் வெளிவந்தது ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து. சந்திரசேகரன் என்கிற பையனின் கண்ணும் நாற்பதைத் தாண்டிய எழுத்தாளனின் கையும் சேர்ந்து இயங்குகிற பிரதி இது.

சரித்திரம் சுருக்கமாக. 1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகும் ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு சேரவில்லை. அந்த நவம்பரில் ஓராண்டுக்கு இருந்தது இருந்தபடி இருக்கட்டும் என்று ஒரு ஒப்பந்தம். காசிம் ரஸ்வியின் தலைமையில் ரஜாக்கர்கள். தெலங்கானா கிராமங்களில் கம்யூனிஸ்டுகள் தலைமையில் விவசாயிகளின் ஆயுதப் போராட்டம். 1948 செப்டம்பர் 13இல் இந்திய ராணுவம் உள்ளே நுழைகிறது. ‘போலீஸ் நடவடிக்கை’ என்று அதற்குப் பெயர். ஐந்தே நாளில் நிஜாம் பணிந்துவிடுகிறார்.

சந்திரசேகரன் ரயில்வே ஊழியர் ஒருவரின் மகன். லான்ஸர் பாரக்ஸ் குடியிருப்பில் வளர்கிற தமிழ்ப் பையன். கிரிக்கெட் ஆடுகிறான், சைக்கிளில் சுற்றுகிறான், கல்லூரிக்குப் போகிறான். தெலுங்கும் உருதும் புழங்குகிற ஊரில் வீட்டுக்குள் தமிழ். அக்கம்பக்கத்தில் முஸ்லிம்கள், ஆங்கிலோ இந்தியர்கள். இவன் அந்த ஊரில் பிறந்தவன், ஆனால் அந்த ஊர்க்காரன் அல்ல. இதையெல்லாம் அசோகமித்திரன் விளக்கிச் சொல்வதில்லை. மைதானமும் தெருவும் பாரக்ஸ் சுவரும் சாதாரணமாக வந்து போகின்றன. வர்ணனை என்று பிரித்தெடுத்து ரசிக்க ஒரு பத்தி கிடைப்பதே சிரமம்.

மாற்றம் எங்கே தெரிகிறதென்றால், அதே தெருவில் அவன் செல்லுகிற விதத்தில். தொடக்கத்தில் தெரு என்பது போகிற இடத்துக்கு வழி, அவ்வளவுதான். நாவல் போகப் போக தெரு ஒரு கணக்காக மாறுகிறது. எந்த வழி, எந்த நேரம், எதிரே வருகிறவன் யார், அவன் தலையில் என்ன தொப்பி. கிரிக்கெட்டில் பெயரால் தெரிந்தவர்கள் மெல்ல மதத்தால் தெரியத் தொடங்குகிறார்கள். பயந்தான் என்று எழுதுவதற்குப் பதிலாக, அவன் கண் இப்போது எதையெல்லாம் அளக்கிறது என்று எழுதுகிறார். ஒரு ஊரின் அரசியல் ஒரு பையனின் உடம்பில் வந்து உட்காருவது இப்படித்தான்.

தலைப்பையும் இப்படி வாசிக்கலாம். அட்சக்கோடு என்பது வரைபடத்தில் மட்டும் இருக்கிற கோடு. நடந்து கடந்தாலும் காலுக்குத் தெரியாது. பதினெட்டாவது கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது அந்த இரட்டை நகரம். பிரிட்டிஷ் ராணுவக் குடியிருப்பாக வளர்ந்த செகந்தராபாத் ஒரு பக்கம், நிஜாமின் ஹைதராபாத் மறுபக்கம், நடுவே ஹுசைன் சாகர். திணைகள் மயங்கலாம், ஆனால் இரண்டு நிலங்கள் ஒருசேர மயங்குவதில்லை என்று தொல்காப்பியம் ஒரு வரம்பு வைக்கிறது. நவீன நாவல் அந்த வரம்பைத் தாண்டிய இடத்தில்தான் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றும். சந்திரசேகரனுக்கு இரண்டு நிலமும் ஒரே காலடியில் இருக்கின்றன. எந்த நிலத்துக்குரிய உணர்வை அவன் உணர்வது?

நாவலின் இன்னொரு விசித்திரம்: சில பகுதிகளில் ‘நான்’ சொல்கிறது, சில பகுதிகளில் அதே பையன் ‘சந்திரசேகரன்’ என்று படர்க்கையில் வருகிறான். அறிவிப்பு எதுவும் இல்லை. இதைக் குறை என்று சொன்னவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு வயதில் நாம் நமக்குள்ளேயும் இருக்கிறோம், தெருவில் போகிற யாரோ ஒருவனாக நம்மை வெளியிலிருந்தும் பார்க்கிறோம். ‘நான்’ என்கிற தன்னிலை இன்னும் கெட்டிப்படாத வயது அது. ஊர் பிளவுபட்டிருப்பதுபோலக் கதைசொல்லலும் பிளவுபட்டிருக்கிறது. சூழல் மனதைக் காட்டுகிறது என்பதோடு, கதை சொல்லும் இலக்கணத்தையே அது உடைத்துப் போட்டிருக்கிறது.

4

இறுதிக் காட்சிக்கு வருகிறேன். படிக்காதவர்கள் மன்னிக்க வேண்டும், இதைச் சொல்லாமல் முடியாது.

ராணுவம் வந்து நிஜாம் பணிந்த பிறகு தெரு தலைகீழாகிறது. இதுவரை அஞ்சியவர்கள் வெறிகொள்கிறார்கள். முஸ்லிம் வீடுகள் தாக்கப்படுகின்றன. இது வெறும் கற்பனை அல்ல. நேரு அரசு அனுப்பிய சுந்தர்லால் குழு, போலீஸ் நடவடிக்கையின்போதும் அதற்குப் பின்னும் குறைந்தது 27,000 முதல் 40,000 பேர் உயிரிழந்ததாக மதிப்பிட்டது. அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் வெளியிடப்படாமல் இருந்து 2013இல்தான் பொதுப்பார்வைக்கு வந்தது. அறிக்கை அலமாரியில் கிடந்த காலத்தில், 1977இல், இந்த நாவல் வெளியாகிவிட்டது.

அந்தக் கலவரத் தெருவில் உயிருக்குப் பயந்து ஓடுகிற சந்திரசேகரன் அறியாத ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். உள்ளே நடுங்கிக்கொண்டிருக்கிற ஒரு முஸ்லிம் குடும்பம். அவன் தங்களைக் கொல்ல வந்தவன் என்று நினைக்கிறார்கள். அவனையொத்த வயதுப் பெண் ஒருத்தி, குடும்பத்தைக் காப்பாற்றத் தன் ஆடையைக் களைந்து அவன் முன் நிற்கிறாள். அவன் பதறி வெளியே ஓடுகிறான்.

இந்தக் காட்சியின் கொடூரத்தைப் பலரும் பேசியிருக்கிறார்கள். நம் கேள்விக்கு அது என்ன தருகிறது என்று பார்ப்போம். நாவல் முழுக்க அவன் பெரும்பாலும் வெளியில் இருந்தான். மைதானம், சாலை, தெரு. ஊர் அவன்மேல் அழுத்தியது, அவன் அந்த அழுத்தத்தைத் தாங்குகிறவனாக இருந்தான். நாமும் அவன் பக்கமே நின்று, சூழல் ஒரு பையனை என்ன பாடு படுத்துகிறது என்று வாசித்துக்கொண்டு வந்தோம். இந்த ஒரு அறைக்குள் நுழைந்ததும் எல்லாம் திரும்பிவிடுகிறது. அவளுடைய கண்ணில் அவன் பயந்த பையன் இல்லை. தெருவிலிருந்து உள்ளே வந்த பயங்கரம் அவன். இவ்வளவு நேரம் சூழலை அனுபவித்தவன் இப்போது இன்னொருத்தியின் சூழலாக ஆகிவிட்டான்.

அவன் கையில் கத்தி இல்லை, மனதில் வன்மம் இல்லை. அதனால் ஒன்றும் மாறவில்லை. அவன் பெயரும் அவன் ஓடிவந்த திசையும் போதும். என் உணர்வுகள் என்னுடையவை, நான் நல்லவன் என்கிற நம்பிக்கை உடைகிற இடம் இது. ஒரு குழம்பிய இளைஞன் உலகத்தைத் தன் மனதின் கண்ணாடியாகப் பார்ப்பது இயல்புதான். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிகிறபோது அவனுடைய பிள்ளைப்பருவம் முடிந்துபோகிறது.

5

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குச் சொந்தக் காரணம் உண்டு. எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

பதின்மூன்று வயதில் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி ஒரு தறியில் உட்கார வைத்தார்கள். வீட்டில் வாங்கிய முன்பணத்துக்கு நான். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு பக்கத்துக் கரை நாடாவைப் பார்த்துக்கொள்ள நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். அந்தக் காலத்தில் அந்த ஆள் பெரும்பாலும் சின்னப் பையனாக இருப்பான். அங்கே உட்கார்ந்தால் தெரிகிறவை மூன்று: குழியின் இருட்டு, வாசல் வழியாக வருகிற சதுர வெளிச்சம், பக்கத்தில் நெய்கிறவரின் முழங்கை. நான் என் பயத்தைப் பற்றி எழுதினால் அந்த முழங்கையைத்தான் எழுதுவேன். இழை அறுந்தால் அது எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியும். கைலாசநாதர் கோயில் நடந்து போகிற தூரத்தில்தான். ராஜசிம்ம பல்லவன் கட்டியது, ஆயிரத்து முந்நூறு வருடப் பழமை என்று உலகமே வந்து பார்க்கிறது. எனக்கு அந்த வயதில் அது ஞாயிற்றுக்கிழமை நிழல் தருகிற ஒரு சுவர், அவ்வளவே.

இருபத்திரண்டு வயதில் நான் தனியாக நெய்தேன். எனக்கும் பக்கத்தில் ஒரு பையன். பதினொரு வயது இருக்கும். அவன் வீட்டுக்கும் முன்பணம் கொடுக்கப்பட்டிருந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இலேயே வந்துவிட்டது. நெசவும் அதன் தடைப்பட்டியலில் இருந்தது. ஆனால் தன் குடும்பத்தார் உதவியோடு ஒருவர் நடத்துகிற பட்டறைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றும் அதிலேயே இருந்தது. ஆகவே யாராவது கேட்டால் “நம்ம அக்கா புள்ளைங்க” என்று சொல்லிவிடுவோம். சொன்னதும் பட்டறை வீடாகிவிடும். ஒரே அறை, ஒரே குழி, ஒரே பையன். பெயர் மாறினால் சட்டம் வெளியே நின்றுவிடும். சூழல் என்பது கதையில் மட்டும் வருகிற விஷயமில்லை, தோழர்களே. எது வீடு, எது வேலைத்தலம் என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்பதில் ஒரு குழந்தையின் பத்து வருடம் இருக்கிறது. 2016இல் திருத்திய சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்கிறது. பள்ளி நேரம் போகக் குடும்பத்தொழிலுக்கு உதவலாம் என்று ஒரு கதவை இன்னும் திறந்தே வைத்திருக்கிறது.

‘18வது அட்சக்கோடு’ என் கைக்கு வந்தது அந்த வருடங்களில்தான், நூலகத்திலிருந்து. தறி நின்ற ஒரு மழைநாளில் கடைசிப் பக்கங்களைப் படித்து முடித்தேன். மறுநாள் தறியில் உட்கார்ந்தபோது இழை ஒன்று அறுந்தது. பையன் சட்டென்று தோளைக் குறுக்கிக்கொண்டான். நான் கையை ஓங்கவே இல்லை. அவன் பார்த்தது என் முழங்கையை.

அன்று நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் அது பொய். அவன் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். ஆனால் என் கதையை நான் மட்டுமே சொல்ல முடியும், அதில் நான் மட்டுமே பாதிக்கப்பட்டவன் என்கிற சௌகரியம் அன்றோடு போயிற்று.

6

இப்போது பிள்ளையார்பாளையத்தில் தறிச்சத்தம் குறைந்துவிட்டது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, நெய்ய ஆள் குறைவு. பையன்கள் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். அந்தப் பஸ் ஜன்னல் வழியாக அவர்கள் எதைப் பார்க்கிறார்கள், எதைப் பார்க்காமல் தூங்கிவிடுகிறார்கள் என்று ஒரு நாவல் வர வேண்டும். அண்ணா பிறந்த ஊர், கோயில் நகரம், பட்டு நகரம் என்கிற மூன்று வர்ணனைகளும் இல்லாமல் அது வர வேண்டும்.

எழுதுகிற இளைஞர்களுக்கு உபதேசம் செய்ய எனக்குத் தகுதியில்லை. வாசகனாக மூன்று கேள்விகளை மட்டும் முன்வைக்கலாம். உன் கதையில் மழை பெய்தால் அது யாருடைய வேலையை நிறுத்துகிறது? உன் கதைசொல்லியின் கண் அந்த நேரத்தில் ஏன் இதைப் பார்த்தது, பக்கத்தில் இருந்ததை ஏன் விட்டது? அவன் இருக்கிற இடத்தில் அவனைப் பார்த்துப் பயப்படுகிறவர் யாராவது இருக்கிறார்களா?

போன வாரம் அந்தப் பையன் கதையைத் திருத்திக்கொண்டு வந்தான். வானம் இப்போது அழவில்லை. வீட்டைவிட்டு இறங்குகிற கதைசொல்லி, குழியில் ஊறிய தண்ணீரை அப்பா குவளையால் மொண்டு மொண்டு வாசலில் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போகிறான்.

“முடிவு சரியா வந்துருக்காண்ணா?” என்று கேட்டான்.

“அப்பா அவன நிமிந்து பாத்தாரா?” என்றேன்.

“அத இன்னும் எழுதலண்ணா” என்றான்.